கேப்ஷூர் எபி 4968: குழந்தைகளுக்கான பேஸ்மேக்கர் லீட், ஒரு மதிப்புரை

முழு இதய அடைப்புள்ள (மேலறையின் மின்துடிப்பு கீழறைக்கு எட்டாத) பச்சிளம் குழந்தையின் சிரைகள், பேஸ்மேக்கரை இதயத்தோடு இணைக்கும் ஒயரான லீடைச் செலுத்த மிகவும் சிறியவை. அதனால் மெட்ரானிக்கின் இந்த இருமுனை லீடை இதயத்தின் வெளிப்பரப்பில் தைத்து, ஜெனரேட்டரை (பேட்டரியுள்ள கருவியை) வயிற்றுத் தசைக்கு அடியில் வைக்கிறார்கள். முனையில் கசியும் ஸ்டீராய்டு வீக்கத்தைத் தணிப்பதால், முதல் வாரங்களில் த்ரெஷோல்டு (இதயத்தைத் துடிக்கவைக்கத் தேவையான குறைந்தபட்ச மின்அளவு) எகிறுவது நன்றாகவே குறைகிறது. பேட்டரிக்கும் அது லாபம்.

குறை, நீண்டகால உறுதியில். குழந்தை வளர வளர ஒயர் இழுபட்டு முறியலாம்; இம்பிடன்ஸ் (லீடின் மின்தடை) திடீரென உயர்ந்தால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். வளர்ச்சிக்காக ஒயரில் கூடுதலாக விடும் வளையம் அவசியம். ஆனால் அது இதயத்தைச் சுற்றிப் போனால் பின்னாளில் கரோனரி தமனியையே நெரிக்கக்கூடும். எக்ஸ்ரேயில் வளையத்தின் பாதையை ஒவ்வொரு முறையும் பாருங்கள். தைக்கும் இடமாக இடது வென்ட்ரிக்கிளின் (கீழறையின்) நுனியே எங்கள் தேர்வு; வலப்பக்கச் சுவரில் தைத்தால் இதயத்தின் சுருக்கம் காலப்போக்கில் பலவீனப்படும் அபாயம் கூடுதல்.

மேலறை, கீழறை இரண்டோடும் இணையும் இரட்டை அறை பேஸ்மேக்கரோடு இணைத்தால் புரோகிராமிங்கில் கவனம் தேவை. ஏவி தாமதம் (மேலறைத் துடிப்புக்கும் கீழறைத் துடிப்புக்கும் இடைவெளி) 150, பிவிஏஆர்பி (கீழறைத் துடிப்புக்குப் பின் மேலறைத் துடிப்பைக் கருவி பொருட்படுத்தாத நேரம்) 250 மில்லிசெகண்ட் என்றால் மொத்தம் 400; அதாவது நிமிடத்துக்கு 150 துடிப்பு. ஏட்ரியம் (மேலறை) இந்த 150ஐத் தாண்டியதும் ஒன்றுவிட்டு ஒரு துடிப்புதான் கீழறைக்குப் போகும். ஓடி விளையாடும் குழந்தை சட்டென்று துவண்டுபோக இதுவே காரணமாகலாம். இரண்டு அளவுகளையும் சுருக்கினால் பெரும்பாலும் சரியாகும்.

எம்ஆர்ஐ எடுக்கும் முன் இந்த லீட் இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.