"உங்க பவுன்ஸ் ரேட்டைக் குறைச்சுத் தர்றோம் சார்" என்று போன் வந்தால்: ஏற்காடு காட்டேஜ்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை

சீசன் நெருங்கும்போது ஏற்காட்டில் காட்டேஜ், ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கு ஒரு வகைப் போன் அழைப்பு வரத் தொடங்குகிறது. சேலத்தில் கொலுசு, ஜவ்வரிசி, ஜவுளி என்று வெப்சைட் வைத்து வியாபாரம் செய்பவர்களுக்கும் வருவதாகக் கேள்விப்படுகிறேன். பேசுபவர் மரியாதையாகத்தான் பேசுவார். "உங்க வெப்சைட்டோட பவுன்ஸ் ரேட் எழுபத்தெட்டு பர்சென்ட் சார். வர்றவங்க உடனே வெளியே போயிடறாங்க. அதனாலதான் கூகுள் உங்களைக் கீழே தள்ளிக்கிட்டே இருக்கு. நாங்க குறைச்சுத் தர்றோம், மூணு மாசத்துல முதல் பக்கம்."

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பவுன்ஸ் ரேட் வெளியாளுக்குத் தெரியாது. வெப்சைட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் கருவியில், உங்கள் கணக்குக்குள் இருக்கிற எண் அது. நீங்கள் அனுமதி கொடுக்காமல் யாரும் அதைப் பார்க்க முடியாது. தோராயமாக மதிப்பிட்டுச் சொல்லும் தளங்கள் உண்டு, ஆனால் மாதத்துக்குச் சில நூறு பேர் வந்துபோகிற எங்களைப் போன்ற சின்ன வெப்சைட்டுக்கு அவை சொல்வது வெறும் ஊகம். போனில் சதவீதத்தோடு பேசுகிறார் என்றால் அந்த எண்ணை அவரே உண்டாக்கியிருக்கிறார். இதைப் பிற்பாடு எனக்குச் சொன்னது கோயம்புத்தூரில் ஐடி வேலையில் இருக்கும் என் அக்கா மகன்.

நாகலூர் போகிற பக்கம் காப்பித் தோட்டத்துக்குள் எங்களுக்குச் சில அறைகள் இருக்கின்றன. நானும் மனைவியும்தான் பார்த்துக்கொள்கிறோம். ஆன்லைன் புக்கிங் கம்பெனிகள் மூலமாகவும் ஆட்கள் வருகிறார்கள், ஆனால் கமிஷன் போக மிஞ்சுவது குறைவு. எங்கள் வெப்சைட்டைப் பார்த்து நேரடியாக போன் பண்ணி வருகிற பெங்களூரு, சென்னைக் குடும்பங்களால்தான் வண்டி ஓடுகிறது. அந்த வெப்சைட்டைத்தான் இப்படிப் போன் செய்த ஒரு ஏஜென்சியிடம் கொடுத்தோம். பெயரை எழுதப் போவதில்லை. செய்த விதத்தை எழுதினாலே போதும், ஏனென்றால் இதே விதத்தைப் பல பேர் செய்கிறார்கள்.

பவுன்ஸ் ரேட் என்றால் என்ன? பழைய அனலிட்டிக்ஸில், ஒரே ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு வேறெதையும் தொடாமல் போனவர்களின் சதவீதம். அந்தப் பழைய வகை 2023 ஜூலை 1 அன்று கணக்கெடுப்பதை நிறுத்திக்கொண்டது. இப்போது இருக்கும் ஜிஏ4-இல் (கூகுள் அனலிட்டிக்ஸ் 4) கணக்கு வேறு. வந்தவர் 10 வினாடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டு பக்கமாவது பார்த்தாலோ, 'கீ ஈவென்ட்' என்று நாம் குறித்து வைத்த ஒரு செயலைச் செய்தாலோ அவர் ஈடுபாட்டோடு வந்தவர். இந்த மூன்றில் ஒன்றுமே இல்லை என்றால் பவுன்ஸ்.

இப்போது எங்கள் தொழிலை யோசித்துப் பாருங்கள். ஒருவர் வருகிறார், வாடகை கண்ணில் படுகிறது, கட்டுப்படியாகும் என்று தோன்றுகிறது, மேலே இருக்கிற நம்பரைத் தொட்டு போன் அடிக்கிறார். எல்லாம் எட்டு வினாடியில் முடிந்துவிடும். அனலிட்டிக்ஸ் கணக்கில் அவர் பவுன்ஸ். எங்கள் கணக்கில் அவர் சனிக்கிழமை வரப்போகும் கெஸ்ட். எங்கள் பவுன்ஸ் ரேட் நிஜமாகவே அதிகமாக இருந்திருக்கலாம். அதில் பாதிக்கு மேல் நல்ல பவுன்ஸாகக்கூட இருந்திருக்கும்.

ஏஜென்சிக்காரர்கள் அதைத்தான் ஒழித்துக்கட்டினார்கள்.

முதல் வேலையாக முகப்பில் இருந்த போன் நம்பரை எடுத்துவிட்டார்கள். "தொடர்புக்கு" என்று தனிப் பக்கம், அதற்குள் ஒரு படிவம், படிவத்தை நிரப்பினால்தான் நம்பர். வாடகை விவரம் ஒரே பக்கத்தில் இருந்ததை அறைக்கு ஒரு பக்கமாக உடைத்தார்கள். பார்க்க வருகிறவர் நாலு இடத்தில் தட்டினால்தான் விலை தெரியும். உள்ளே வந்ததும் திரையை முழுசாக மறைத்துக்கொண்டு "10% தள்ளுபடி வேண்டுமா?" என்று ஒரு பாப்அப். இதில் வேடிக்கை என்னவென்றால், மொபைலில் உள்ளடக்கத்தை மறைக்கிற மாதிரியான பாப்அப் வைத்த பக்கங்களைத் தேடலில் பின்னுக்குத் தள்ளுவோம் என்று கூகுளே அறிவித்து, 2017 ஜனவரி 10 முதல் நடைமுறைக்கும் கொண்டுவந்துவிட்டது. முன்னுக்குக் கொண்டுவர என்று சொல்லி இவர்கள் வைத்தது அதே சாமான்.

இன்னொன்றைக் கேட்டால் கோபம்தான் வரும். போனில் பேக் பட்டனை அழுத்தினால் கூகுளுக்குத் திரும்பிப் போகாது, எங்கள் வெப்சைட்டின் இன்னொரு பக்கம் திறக்கும். மறுபடி அழுத்தினால் இன்னொரு பக்கம். பழக்கமான பெங்களூரு கெஸ்ட் ஒருவர், எங்கள் நம்பர் அவரிடம் ஏற்கெனவே இருந்ததால், கூப்பிட்டே கேட்டார். "என்னங்கண்ணா, உங்க சைட்டுக்குள்ள போனா வெளியே வரவே விட மாட்டேங்குது? வைரஸ் எதுவும் இருக்குதா?" நம்பர் தெரிந்தவர் கேட்டுவிட்டார். தெரியாதவர்கள் பேசாமல் பக்கத்துக் காட்டேஜுக்குப் போயிருப்பார்கள்.

மாத ரிப்போர்ட் மட்டும் கலர்கலராக வந்தது. எழுபத்தெட்டு நாற்பதானது, நாற்பது இருபதானது, அப்புறம் ஒரு மாதம் மூன்று சதவீதம் என்று போட்டு, கீழே பட்டாசு வெடிக்கிற படம் வேறு. அதே மாதங்களில் எங்கள் வீட்டு போன் சும்மா கிடந்தது. கேட்டால், "ரேங்க் ஏறுற நேரத்துல அப்படித்தான் சார் இருக்கும், கூகுள் இன்னும் நம்ம சைட்டைப் படிச்சுக்கிட்டு இருக்கு" என்பார்கள்.

மூன்று சதவீதம் என்பதைப் பார்த்ததும் அக்கா மகன் சிரித்துவிட்டான். "மாமா, பவுன்ஸ் ரேட் இவ்வளவு கம்மியா இருந்தா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. ஏதோ ஒண்ணு தப்பா மாட்டியிருக்குன்னு அர்த்தம்." பார்த்தால் அனலிட்டிக்ஸ் டேக்கை, அதாவது வருகிறவரைக் கணக்கெடுக்கும் சின்ன நிரலை, ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு முறை போட்டிருக்கிறார்கள். ஒரே ஆளுக்கு எஸ்டேட் கேட்டில் ஒரு டோக்கன், வீட்டு வாசலில் ஒரு டோக்கன் கிழித்த மாதிரி. ஒரு பக்கம் பார்த்தவரும் இரண்டு பக்கம் பார்த்தவராகிவிடுவார், பவுன்ஸ் காணாமல் போகும். அது போதாதென்று பக்கம் திறப்பதையே கீ ஈவென்டாகக் குறித்திருந்தார்கள். அதாவது வந்தாலே போதும், அவர் ஈடுபாட்டோடு வந்தவர்தான். வெப்சைட்டில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல், அமைப்பில் இந்த ஒரு தட்டு தட்டினாலே ரிப்போர்ட் பளபளவென்று ஆகிவிடும். நம்பரை ஒளித்து வைத்த பாவத்தையாவது செய்யாமல் இருந்திருக்கலாம்.

கூட்டம் கூடியிருப்பதாகவும் ரிப்போர்ட் சொன்னது. எந்த ஊர்க் கூட்டம் என்று பார்த்தால் ஆஷ்பர்ன். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில், டேட்டா சென்டர்கள் குவிந்து கிடக்கிற ஊர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி எங்கள் வீட்டில் வந்து தங்க ஆஷ்பர்னில் யார் காத்திருக்கப் போகிறார்கள்? அத்தனையும் பாட், ஆள் இல்லாமல் தானாக வந்துபோகும் மென்பொருள்.

இந்தக் குட்டெல்லாம் உடைந்தது கூகுள் சர்ச் கன்சோலில்தான். இது அனலிட்டிக்ஸ் இல்லை, தனி. இலவசம். கூகுள் தேடலில் உங்கள் வெப்சைட் எத்தனை முறை கண்ணில் பட்டது, எத்தனை பேர் தட்டினார்கள், எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று 16 மாதக் கணக்கைக் காட்டும். கணக்கெடுப்பது கூகுளின் பக்கத்தில் என்பதால், உங்கள் வெப்சைட்டில் டேக்கை இரண்டு தடவை போட்டு அதை ஏமாற்ற முடியாது. ரிப்போர்ட்டில் மேலே ஏறிக்கொண்டிருந்த அதே மாதங்களில் சர்ச் கன்சோலில் எங்கள் கோடு கீழே இறங்கியிருந்தது. ஏஜென்சி எங்களிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் பேசவில்லை என்பது இப்போது புரிகிறது.

"முதல் பக்கம் வந்தாச்சு சார்" என்று ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பினார்கள். என்ன தேடியிருக்கிறார்கள் தெரியுமா? எங்கள் காட்டேஜ் பெயர், பக்கத்திலேயே ஏற்காடு. அதற்கு நாங்கள் முதலில் வராமல் வேறு யார் வருவார்கள்? இன்னொரு ஸ்கிரீன்ஷாட்டில் ஏழெட்டு வார்த்தை கோத்த ஒரு நீண்ட சொற்றொடர், உலகத்தில் யாரும் தேடாதது. போட்டி இருந்தால்தானே தோற்பதற்கு. முதலிடத்தை யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுள் தன் உதவிப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. ஆக, உத்தரவாதம் என்ற பேச்சு வந்தாலே போனை வைத்துவிடலாம்.

சரி, பவுன்ஸ் ரேட்டைக் குறைத்தால் ரேங்க் ஏறுமா, ஏறாதா? அனலிட்டிக்ஸில் இருக்கிற எண்ணைத் தேடல் வரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் தரப்பில் பல முறை சொல்லிவிட்டார்கள். நியாயமாக யோசித்தாலும் எத்தனையோ வெப்சைட்டுகளில் அனலிட்டிக்ஸே கிடையாது, அவற்றை எதை வைத்து வரிசைப்படுத்துவார்கள்? ஆனால் இதோடு விஷயம் முடியவில்லை. அமெரிக்க அரசு கூகுள் மேல் போட்ட ஏகபோக வழக்கில், 2023-இல், கூகுள் தேடல் பிரிவின் துணைத் தலைவர் பாண்டு நாயக் சாட்சி சொன்னபோது 'நேவ்பூஸ்ட்' என்ற அமைப்பைப் பற்றிப் பேசினார். தேடல் முடிவுகளில் மக்கள் எதைத் தட்டுகிறார்கள் என்பதை அது சேர்த்து வைத்துப் பயன்படுத்துகிறது. ஆகவே, ஒருவர் உங்கள் பக்கத்தைத் தட்டி, ஏமாந்து, திரும்பிப் போய் அடுத்ததைத் தட்டினால் அது கூகுளின் கண்ணில் படும். அது கூகுள் தன் வீட்டு வாசலில் நின்று பார்க்கிற காட்சி. உங்கள் அனலிட்டிக்ஸ் ரிப்போர்ட்டில் மூன்று சதவீதம் என்று எழுதினால் அந்தக் காட்சி மாறாது. வந்தவருக்கு வேண்டியது கிடைத்ததா என்பதுதான் விஷயம். எங்களிடம் கிடைத்துக்கொண்டிருந்ததைப் பணம் வாங்கிக்கொண்டு பிடுங்கிவிட்டார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது பேச்சின் தொனி மாறியது. அனலிட்டிக்ஸ் கணக்கை அவர்கள் பெயரில் புதிதாகத் தொடங்கியிருந்ததால் அதற்குள் எங்களுக்கு இருந்த அனுமதியை அன்று மாலையே எடுத்துவிட்டார்கள். பில்லில் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருந்த எண்ணை அரசாங்க ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பார்த்தால், பதிவு ரத்தானது என்று வந்தது. இதை யாரும் பார்க்கலாம், இரண்டு நிமிட வேலை, முதல் அட்வான்ஸுக்கு முன்னால் செய்துவிடுங்கள். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்று கேட்டதற்கு வக்கீலாக இருக்கும் சொந்தக்காரர் தயங்கினார். 2019 சட்டப்படி வியாபார நோக்கத்துக்காக வாங்கிய சேவை என்றால் 'நுகர்வோர்' என்ற வரையறைக்குள் வருவதே வாதத்துக்குரியது, எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும் என்றார். இப்போதைக்கு வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. பதில் இல்லை.

வெப்சைட்டை அக்கா மகன் சரி செய்து கொடுத்தான். நம்பர் மறுபடி உச்சியில். வாடகை ஒரே பக்கத்தில், ஜிஎஸ்டியோடு. பாப்அப், தானாகப் பாடும் வீடியோ, பேக் பட்டன் பூட்டு எல்லாம் போயிற்று. நிஜமான கோளாறு ஒன்றும் இருந்தது, அதை ஏஜென்சி தொடவே இல்லை. கேமராவில் எடுத்த படங்களை அப்படியே ஏற்றி வைத்திருந்ததால் பக்கம் திறக்க நேரம் பிடித்தது. எங்கள் கெஸ்ட் பலர் அடிவாரம் தாண்டி மலைப்பாதையில் ஏறும்போதுதான் வழி பார்க்க வெப்சைட்டைத் திறப்பார்கள். வளைவுக்கு வளைவு சிக்னல் வரும், போகும். அங்கே பெரிய படம் எப்படித் திறக்கும்? முக்கியமான படமோ எழுத்தோ 2.5 வினாடிக்குள் திரையில் வந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் உங்கள் முகவரியைப் போட்டால் மொபைலில் எத்தனை வினாடி ஆகிறது என்று சொல்லிவிடும். படங்களைச் சுருக்கிய பிறகு எங்களுடையது அந்த அளவுக்குள் வந்துவிட்டது.

என் மனைவி ஒரு வேலை செய்தாள். கெஸ்ட் போனில் திரும்பத் திரும்பக் கேட்பதையெல்லாம் வெப்சைட்டில் எழுதிப் போட்டாள். அடிவாரம் வழியா, குப்பனூர் வழியா, எது சுலபம். இரவு எத்தனை மணி வரை ஏறி வரலாம். கோடை விழா நாட்களில் ஏரிப் பக்கம் வண்டி நிறுத்த முடியுமா. வயதானவர்கள் கிளியூர் அருவிக்கு இறங்க முடியுமா. இதற்கெல்லாம் பதில் சொல்லாமல், ஏஜென்சி எழுதிக் கொடுத்த கட்டுரையில் "இயற்கை எழில் கொஞ்சும் ஏற்காடு" என்று ஆரம்பித்து ஒன்றுமே இல்லாத பத்துப் பத்தி இருந்தது. அதை நீக்கியதில் வெப்சைட்டுக்கே மூச்சு வந்த மாதிரி இருந்தது. போன் அழைப்புகள் மெல்லத் திரும்புகின்றன, முழுசாக இன்னும் இல்லை.

ஏற்கெனவே யாரிடமாவது கொடுத்திருப்பவர்களுக்கு: அனலிட்டிக்ஸும் சர்ச் கன்சோலும் உங்கள் ஜிமெயிலில், உங்கள் பெயரில் இருக்கட்டும், வேலை செய்பவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். டொமைன், அதாவது உங்கள் வெப்சைட் முகவரி, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். அவர்களை நிறுத்திவிட்டீர்கள் என்றால் வெப்சைட் பாஸ்வேர்டை மாற்றுவதோடு நிற்காதீர்கள். சர்ச் கன்சோலில் உரிமையாளர் என்று நிரூபிக்க அவர்கள் வெப்சைட்டுக்குள் ஒரு சின்னக் கோப்பு வைத்திருப்பார்கள். பெயரை மட்டும் நீக்கினால் போதாது, அந்தக் கோப்பு இருக்கிற வரை மறுபடி உள்ளே வந்துவிடலாம். எங்களுடையதில் அப்படி இரண்டு கிடந்தன, போன வாரம்தான் அழித்தோம்.