பேத்தாலஜியா, ஜெனரல் மெடிசினா?

எம்.பி.பி.எஸ். முடித்தபின் எதை எடுப்பது? இரண்டுமே 3 வருட எம்.டி.தான். ஆனால் கவுன்சலிங்கில் மெடிசின் சீட் சீக்கிரம் பறந்துவிடும். திசுவையும் ரத்தத்தையும் சோதித்து நோயைச் சொல்லும் பேத்தாலஜி பல கல்லூரிகளில் கடைசிச் சுற்றுவரை காத்துக் கிடக்கும். "நோயாளியையே பார்க்காத டாக்டரா?" என்று வீட்டில் கேட்பார்கள். அது அரை உண்மைதான். கழுத்துக் கட்டியில் மெல்லிய ஊசி குத்தி, சோதிக்கச் செல்களை உறிஞ்சி எடுப்பது (எஃப்.என்.ஏ.சி.) பெரும்பாலும் பேத்தாலஜிஸ்ட்.

மெடிசினில் வார்டு, நைட் டியூட்டி, வாசலில் நிற்கும் உறவினர்கள். பிறகு கார்டியாலஜி, நெஃப்ராலஜி (சிறுநீரகம்) என்று டி.எம். (எம்.டி.க்கு மேற்பட்ட சிறப்புப் படிப்பு) கதவுகள் நிறைய. சொந்த கிளினிக்கும் சுலபம்.

பேத்தாலஜியில் இரவுத் தூக்கம் பெரும்பாலும் பத்திரம். ஆனால் 'ரிலாக்ஸான பிராஞ்ச்' என்பவர்கள் ஃப்ரோசன் செக்‌ஷன் பார்த்ததில்லை. அறுவை சிகிச்சையின் நடுவே நோயாளி மயக்கத்தில் மேஜைமேல் கிடப்பார். உறையவைத்த திசுவைச் சில மைக்ரான் தடிமனில் சீவி, சாயமேற்றி, சுமார் 20 நிமிடத்தில் புற்றா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தையில் சர்ஜனின் கத்தி நிற்கும், அல்லது இன்னும் ஆழம் போகும்.

பேத்தாலஜியிலும் ஹீமட்டோபேத்தாலஜி (ரத்த நோய்கள்), ஆங்கோபேத்தாலஜியில் (புற்றுநோய்) டி.எம். உண்டு; சீட்தான் குறைவு.

எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருடத்தில் ஸ்லைடின் இளஞ்சிவப்பையும் ஊதாவையும் ரெக்கார்டில் வரைந்து அலுக்காதவர் என்றால் தயங்காமல் எடுங்கள். ரேங்க் தள்ளிவிட்டது என்பதற்காக மட்டும் வருவதானால், முதலில் ஒரு வாரம் கிராஸிங் அறையில் (அறுத்தெடுத்த உறுப்புகளை வெட்டிப் பார்க்கும் இடம்) ஃபார்மலின் நெடியில் நின்று பாருங்கள்.