எடின்பரோவில் நடக்க ஒரே ஒரு சனிக்கிழமை: பழைய நகரமா, புதிய நகரமா?

எடின்பரோவுக்குப் படிக்க வருகிறவர்கள் முதல் மாதத்திலேயே இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். பாட வேலைகள் குவியுமுன் ஒரு சனிக்கிழமை கிடைத்திருக்கிறது, எந்தப் பக்கம் நடப்பது? பழைய நகரமும் புதிய நகரமும் அடுத்தடுத்து இருக்கின்றன. 1995இல் யுனெஸ்கோ இரண்டையும் சேர்த்தே உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. ஆனால் இரண்டையும் ஒரே நாளில் முடிக்கக் கிளம்பினால் கால்வலிதான் மிஞ்சும். என் வாக்கு பழைய நகரத்துக்கே.

புதிய நகரத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. 1766இல் நடந்த போட்டியில் ஜேம்ஸ் கிரெய்க் என்ற இளம் கட்டடக் கலைஞர் வென்றார். மறு ஆண்டு வரைபடம் இறுதியானது. நடுவில் ஜார்ஜ் தெரு, இருபுறமும் பிரின்சஸ் தெரு, குவீன் தெரு, இரு முனைகளிலும் சதுக்கங்கள். வழி தவறவே முடியாது. நடைபாதை அகலம், மழை பெய்தாலும் வழுக்காது. ஜார்ஜ் தெருவின் சந்திப்புகளில் நின்று வடக்கே பார்த்தால் தெரு சரிந்து இறங்க, வானம் தெளிவாக இருக்கும் நாளில் ஃபோர்த் முகத்துவாரமும் அதற்கப்பால் ஃபைஃப் கரையும் தெரியும்.

சார்லட் சதுக்கத்தில் ராபர்ட் ஆடம் வடிவமைத்த வடக்கு வரிசை, ஒரே அரண்மனையின் முகப்போ என்று எண்ண வைக்கும் வீட்டு வரிசை. அங்கே வாசல்களை நெருங்கிப் பாருங்கள். இரும்புக் கிராதிகளில் கவிழ்ந்த கூம்புகள் சில இன்றும் இருக்கின்றன. தெருவிளக்கு போதாத காலத்தில் தீவட்டி பிடித்து வழிகாட்டியவர்கள், வீடு வந்ததும் அந்தக் கூம்புக்குள் தீவட்டியைச் செருகி அணைப்பார்கள். படிக்கருகே செருப்புச் சேற்றைச் சுரண்டுவதற்கு ஓர் இரும்புத் தகடு. புதிய நகரத்தில் என்னை அதிக நேரம் நிறுத்தியவை இவைதாம்.

செயின்ட் ஆண்ட்ரூ சதுக்கத்தில் ஒரு தூண் நிற்கிறது. அதன் உச்சியில் இருப்பவர் ஹென்றி டண்டாஸ். கிழக்கிந்திய கம்பெனியை மேற்பார்வையிட்ட கட்டுப்பாட்டு வாரியத்துக்கு 1793 முதல் 1801 வரை தலைவர். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபோதும் அந்த நாற்காலியில் இருந்தவர் அவரே. தென்னிந்தியாவிலிருந்து வந்த ஒருவர் அந்தத் தூணை வெறும் அலங்காரமாகப் பார்த்துவிட்டுப் போகக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இவ்வளவு இருந்தும் ஏன் இரண்டாமிடம்? புதிய நகரம் தன்னை வெளியாளுக்குத் திறப்பதில்லை. குவீன் தெருத் தோட்டங்கள் பூட்டிக் கிடக்கின்றன. சாவி சுற்றியுள்ள வீட்டுக்காரர்களிடம். தெருவின் ஒழுங்கு முதல் ஒரு மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு வரிசை வரிசையாக அதே கல், அதே சன்னல்.

பழைய நகரம் இதற்கு நேர்மாறு. கோட்டைப் பாறையிலிருந்து ஹோலிரூட் அரண்மனை வரை சரிந்து இறங்கும் மலைமுதுகின் மேல் ராயல் மைல் ஓடுகிறது. இரு பக்கமும் குளோஸ் எனப்படும் சந்துகள். தென் மாவட்டத்துக்காரர்களுக்கு நம் முடுக்குகள் நினைவுக்கு வரும். பெரும்பாலான பயணிகள் ராயல் மைலிலேயே ஏறி இறங்கி, பேக்பைப் இசையைக் கேட்டு, கம்பளிச் சால்வை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். ஊர் இருப்பது சந்துகளுக்குள். அட்வகேட்ஸ் குளோஸில் ஒரு நிலைக்கல்லில் 1590 என்ற ஆண்டும், கடவுளின் கொடைகள் அனைத்துக்கும் நன்றி சொல்லும் ஒரு வரியும் செதுக்கப்பட்டிருக்கின்றன. கைக்கெட்டும் உயரத்தில் வாசித்துவிடலாம், டிக்கெட் எதுவும் வேண்டாம்.

ஒரு காலத்தில் இங்கே பணக்காரரும் ஏழையும் ஒரே கட்டடத்தின் வெவ்வேறு மாடிகளில் குடியிருந்து, ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கினார்கள். புதிய நகரம் எழுந்ததும் வசதி படைத்தவர்கள் பள்ளத்தாக்கைத் தாண்டிப் போய்விட்டார்கள். அங்கே அஸ்திவாரம் தோண்டிய மண்ணைக் கொட்டி உண்டானதுதான் நீங்கள் தினமும் கடக்கும் மவுண்ட் மேடு. இங்கே எஞ்சிய வீடுகளில் ஏழைகள் நெருக்கியடித்துக் குடியேறினார்கள்; பழுது பார்க்க நாதியில்லை. 1861 நவம்பரில் ராயல் மைலின் ஒரு பகுதியான ஹை தெருவில் ஒரு குடியிருப்பு நள்ளிரவுக்குப் பின் சரிந்து 35 பேர் இறந்தார்கள். இடிபாட்டைத் தோண்டியவர்களிடம் உள்ளிருந்து ஒரு சிறுவன், இழுங்கள், நான் இன்னும் சாகவில்லை என்று குரல் கொடுத்தான். அவன் முகமும் அந்தச் சொற்களும் பெய்ஸ்லி குளோஸின் வாசல் வளைவில் செதுக்கப்பட்டிருக்கின்றன. அண்ணாந்து பார்க்காமல் அதன் அடியில் நடந்து போகிறவர்களைக் காணும்போது எனக்கு மனம் கேட்பதில்லை. அதே தெருவில் இரவுதோறும் பேய்க்கதை நடைகளுக்கு டிக்கெட் விற்கிறார்கள். அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

இன்னும் மேலே ஜேம்ஸ் கோர்ட் என்ற முற்றம். உயிரியலாளர் பேட்ரிக் கெட்டிஸ் 1886இல் தம் மனைவி ஆனாவுடன் இந்தச் சேரிக்குள் குடிவந்தார். முழுவதையும் இடித்துத் தள்ளாமல், மிக மோசமானவற்றை மட்டும் எடுத்துவிட்டு, காற்றும் வெளிச்சமும் புக இடம்விட்டு, மற்ற வீடுகளைச் செப்பனிட்டால் போதும் என்பது அவர் கொள்கை. 1914இல் அவர் சென்னைக்குப் புறப்பட்டபோது, நகரங்கள் பற்றிய அவருடைய கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த கப்பலை ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் மூழ்கடித்தது. சென்னைத் துறைமுகத்தை அதற்கு முந்தைய மாதம் குண்டு வீசித் தாக்கிய அதே எம்டன். நண்பர்கள் மீண்டும் படங்களைத் திரட்டி அனுப்ப, 1915இல் கண்காட்சி சென்னையில் நடந்தது. பிறகு மதுரை, தஞ்சாவூர் உள்ளிட்ட ஊர்களை நடந்து பார்த்து அவர் அறிக்கைகள் எழுதினார். தமிழ்நாட்டிலிருந்து வந்த மாணவர் ஜேம்ஸ் கோர்ட்டில் நிற்க இதைவிட என்ன காரணம் வேண்டும்?

செலவில் பெரிய வேறுபாடு இல்லை. கோட்டைக்கும் பழைய நகரத்தின் கிளாட்ஸ்டோன்ஸ் லேண்ட், புதிய நகரத்தின் ஜார்ஜியன் ஹவுஸ் ஆகிய இரு வீடுகளுக்கும் கட்டணம் உண்டு. சேம்பர்ஸ் தெரு தேசிய அருங்காட்சியகமும் குவீன் தெரு உருவப்படக் கூடமும் இலவசம். வேறுபாடு பருவத்தில்தான். ஆகஸ்டில் கலைவிழாக் கூட்டம் ராயல் மைலை அடைத்துவிடும். அம்மாதம் மட்டும் என் தீர்ப்பு புதிய நகரத்துக்கு மாறும். டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே இருட்டிவிடும், சந்துப் படிகளும் வழுக்கும். காலையிலேயே கிளம்புங்கள், அடிப்பாகம் பிடிப்புள்ள காலணி அவசியம்.

கோட்டை வாசலிலிருந்து தொடங்க வேண்டாம், கூட்டம் உங்களைத் தள்ளிக்கொண்டு போய்விடும். ராயல் மைலின் கீழ்ப்பகுதியான கேனன்கேட்டின் கீழ்முனையில் தொடங்கி, டன்பார்ஸ் குளோஸ் தோட்டத்தில் சற்று உட்கார்ந்துவிட்டு, மேல்நோக்கி ஒவ்வொரு சந்தாக நுழைந்து ஏறுங்கள். புதிய நகரத்தை மே மாத ஞாயிறு ஒன்றுக்கு வைத்துக்கொள்ளலாம்: இரவு 9 மணிவரை வெளிச்சம் இருக்கும், சரிவில் இறங்கினால் ஸ்டாக்பிரிட்ஜில் ஞாயிற்றுச் சந்தையும் கூடியிருக்கும்.