சி5 கார்வெட் இசட்06: ஹைட் குறைச்சு பல வருஷம் ஓட்டுன அனுபவம்

என்கிட்ட இருக்குறது 2002 கார்வெட் இசட்06, ஷெவ்ரோலே ஸ்போர்ட்ஸ் காரோட அஞ்சாவது தலைமுறை (அதான் சி5), 405 ஹார்ஸ்பவர் எல்எஸ்6 இன்ஜின். ஒஹாயோல கொலம்பஸ் பக்கம் இருக்கோம், பனிக்காலத்துல ரோட்டுக்கு உப்பு போட ஆரம்பிச்சா வண்டி கராஜுக்குள்ள போயிரும், மத்த மாசமெல்லாம் வீக்கெண்ட் ஓட்டம், அப்பப்ப மிட்-ஒஹாயோ ரேஸ் டிராக். ஹைட்ட, அதாவது வண்டி தரையிலருந்து நிக்கிற உசரத்த, குறைச்சு பல வருஷம் ஆச்சு. பாக்குறவங்க எல்லாம் எவ்ளோ இறக்கலாம்னுதான் முதல்ல கேக்குறாங்க. கம்பெனி போல்ட்லயே கிடைக்கிற அளவுக்கு இறக்குங்க, அதோட நிறுத்திக்கோங்க, மிச்ச காச அலைன்மென்ட்டுக்கும் (வீல் கோணத்த சரி பண்றது) நல்ல ஷாக்குக்கும் (ஸ்பிரிங் ஆட்டத்த அடக்குறது) போடுங்கன்னுதான் சொல்லுவேன். ஏன்னு விளக்கமா எழுதுறேன்.

இந்த வண்டியில காயில் ஸ்பிரிங் கிடையாது. முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு வண்டிக்கு குறுக்க போற ஃபைபர்கிளாஸ் லீஃப் ஸ்பிரிங். லீஃப் ஸ்பிரிங்னு சொன்னதுமே லாரின்னு நிறைய பேர் சிரிக்கிறாங்க, அது எனக்கு பிடிக்காது, ஏன்னா இது ரொம்ப புத்திசாலித்தனமான டிசைன். 1981ல பின்பக்கத்துக்கு ஃபைபர் ஸ்பிரிங் வந்தப்போ 40 பவுண்டுக்கு மேல இருந்த ஸ்டீல் ஸ்பிரிங் இருந்த இடத்துல 8 பவுண்டு ஸ்பிரிங் வந்துச்சு, 1984 சி4ல முன்னாடியும் பின்னாடியும் ஃபைபராயிருச்சு, 2020ல சி8 வர்ற வரைக்கும் கார்வெட் இதத்தான் விடாம வச்சிருந்தாங்க. நமக்கு இதுல வசதி என்னன்னா ஹைட் மாத்த புது ஸ்பிரிங்கே வாங்க வேண்டாம். முன் ஸ்பிரிங்கோட ரெண்டு நுனியிலயும் ஒரு போல்ட் இருக்கு, அதோட அடியில இருக்குற ரப்பர் பேடு லோயர் கண்ட்ரோல் ஆர்ம் (வீல பிடிச்சிருக்குற கீழ் கை) மேல உக்காந்திருக்கும், போல்ட்ட திருகி மேல ஏத்துனா வண்டியோட மூக்கு இறங்கும். பின்பக்கம் ஸ்பிரிங் நுனி ஒரு நீள போல்ட்ல தொங்குது, அத லூஸ் பண்ணா பின்பக்கம் இறங்கும். இன்னும் இறக்கணும்னா அதவிட நீளமான போல்ட் கடையில கிடைக்கும், நான் அது வாங்கல.

நான் இறக்குனது நாலு பக்கமும் கிட்டத்தட்ட முக்கால் இன்ச். பின்பக்கம் முன்பக்கத்த விட கொஞ்சம் உசரமா நிக்கிற அந்த கம்பெனி சாய்வ அப்படியே வச்சுக்கிட்டேன், சில பேர் டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல இருக்குற இடைவெளி நாலு பக்கமும் ஒண்ணா தெரியணும்னு பின்னாடி மட்டும் இறக்கிடுறாங்க, ஹைவே ஸ்பீடுல மூக்கு லேசாகுற மாதிரி இருக்கும், அத செய்யாதீங்க.

வேலை செய்யும்போது ஒண்ணு மனசுல வச்சுக்கணும், முன்னாடி இருக்குறது ஒரே ஸ்பிரிங். இடது போல்ட்ட திருப்புனா வலது பக்க ஹைட்டும் லேசா மாறும். அதனால ஒரு பக்கத்த முழுசா முடிச்சுட்டு அடுத்த பக்கம் போறது சரிவராது, ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி மாத்தி போகணும். அப்புறம் ஜாக்குலருந்து இறக்குன உடனே டேப் வச்சு அளந்தா அந்த அளவ நம்பாதீங்க, டயர் பக்கவாட்டுல தரைய பிடிச்சுக்கிட்டு நிக்கிறதால வண்டி உசரமாவே தெரியும், தெருவுல ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து சமதளத்துல நிறுத்தி அளக்கணும். பெட்ரோல் எவ்ளோ இருக்குன்னும் குறிச்சு வச்சுக்கோங்க, பின்னாடி டேங்க் நிறைஞ்சா காலியானா அளவு மாறும்.

இப்போ ஓட்டுறதுல என்ன வித்தியாசம்னு பாக்கலாம். கணக்கு போட்டு பாத்தா, வண்டியோட எடை மையம் தரையிலருந்து ஒன்றரை அடி உசரத்துல இருக்குன்னு வச்சுக்கிட்டா முக்கால் இன்ச் குறையறது 4 சதவீதம், கார்னர்ல உள்பக்க டயர்லருந்து வெளிப்பக்க டயருக்கு போற எடையும் அதே 4 சதவீதம்தான் குறையும். நல்லதுதான், ஆனா இறக்குனதால மட்டும் வேற வண்டி ஆயிருச்சுன்னு சொல்றவங்கள நம்பாதீங்க. அவங்களுக்கு தெரியுற வித்தியாசத்துல பெரும்பகுதி அலைன்மென்ட்டோடது. இறக்குனா கேம்பர் (முன்னாடியிருந்து பாத்தா டயர் சாயற கோணம்) தானாவே நெகட்டிவ் பக்கம் போகும், அதாவது டயரோட மேல்பக்கம் உள்ள சாயும், டோவும் (மேலருந்து பாத்தா டயரோட முன்நுனி உள்ளயோ வெளியவோ திரும்பியிருக்குறது) சேர்ந்து மாறும், அலைன்மென்ட் பண்ணாம ஓட்டுனா டயரோட உள்விளிம்ப தின்னுரும், அதுக்கு கேம்பர குறை சொல்லுவாங்க, ஆனா அதிகமா டயர தின்றது டோதான். இந்த வண்டியில கேம்பர், காஸ்டர் (ஸ்டியரிங் திரும்புற அச்சோட சாய்வு), டோ எல்லாம் கம்பெனி போல்ட்லயே அட்ஜஸ்ட் பண்ணலாம், தனி பார்ட் தேவையில்ல. எனக்கு ரோட்டுக்கும் டிராக்குக்கும் நடுவுல ஒரு செட்டிங், முன்னாடி கேம்பர் மைனஸ் 1.2 டிகிரி கிட்ட, டோ ஜீரோ, பின்னாடி கேம்பர் அதவிட கம்மி, கொஞ்சூண்டு டோ-இன். மிட்-ஒஹாயோல கீஹோல்னு ஒரு நீண்ட வளைவு இருக்கு, முன்னாடியெல்லாம் அங்க முன் டயர் வெளிய தள்ளிக்கிட்டே போகும், இப்போ ஸ்டியரிங்க திருப்புனா மூக்கு கூடவே வருது. டயரும் அகலத்துக்கு சமமா தேயுது, பல வருஷமா இதே செட்டிங்தான்.

அப்போ இன்னும் இறக்குனா இன்னும் நல்லா இருக்குமேன்னு தோணும். இல்ல. இது மாதிரி டபுள் விஷ்போன் (ஒவ்வொரு வீலுக்கும் மேல ஒரு கை, கீழ ஒரு கை) வண்டியில ஓரளவுக்கு மேல இறக்குனா கண்ட்ரோல் ஆர்ம் கோணம் மாறி ரோல் சென்டர் (கார்னர்ல வண்டி எந்த புள்ளிய சுத்தி சாயுதோ அது) கீழ போயிரும், எடை மையம் இறங்குறத விட அது வேகமா இறங்கும், அதனால வண்டி சாயற பழக்கம் குறையாம கூடவே செய்யும். அதவிட பெரிய விஷயம் வீல் மேல போற டிராவல் குறையறது. போல்ட்ல இறக்கும்போது ஸ்பிரிங்கோட கடினம் மாறாது, மேடு பள்ளத்துல வீல் மேல போக இருக்குற இடம்தான் குறையுது. இடம் முடிஞ்சா பம்ப் ஸ்டாப்ல (கடைசியா தடுக்குற கட்டை) இடிக்கும், கார்னர் நடுவுல அப்படி இடிச்சா அந்த டயர் திடீர்னு பிடிய விட்டுரும். தெரிஞ்ச நண்பரோட சி5, நீள போல்ட் போட்டு ஒன்றரை இன்ச்சுக்கு மேல இறக்குனது, பாக்க அவ்ளோ அழகு, சொல்லவே வேண்டாம், ஆனா ஃப்ரீவே பால ஜாயின்ட்ல ஏறும்போதெல்லாம் முதுகுத்தண்டுல தெரியுது. ஒஹாயோ ரோடு உறைஞ்சு உருகி மார்ச் மாசத்துல எப்படி இருக்கும்னு இங்க இருக்குறவங்களுக்கு தெரியும்.

தினசரி தொல்லைன்னு பாத்தா முன்னாடி பம்பருக்கு கீழ தொங்குற பிளாஸ்டிக் தடுப்பு, ஏர் டேம்தான், உரசாத இடமே இல்ல. அந்த சத்தம் முதல்ல பயமா இருக்கும், ஆனா அது வளையற பிளாஸ்டிக், உரசறதுக்குன்னே போட்டது, அதனால பதறாதீங்க. ஆனா உரசுதேன்னு கழட்டி மட்டும் போடாதீங்க. இந்த வண்டி ரேடியேட்டருக்கு காத்து எடுக்குறது பம்பருக்கு அடியிலருந்து, அந்த பிளாஸ்டிக்தான் காத்த மேல தள்ளி விடுது, அது இல்லாம ஹைவேல போனா டெம்பரேச்சர் ஏற ஆரம்பிச்சுரும். விலை கம்மிதான், கிழிஞ்சா புதுசு மாட்டிருங்க. டிரைவ்வேல நேரா ஏறாம சாய்ச்சு ஏறுங்க, பார்க்கிங் கட்டை இருந்தா ரிவர்ஸ்ல நிறுத்துங்க.

சாதாரண ஜாக் அடியில போகாது, நான் ரெண்டு மரப்பலகை மேல டயர ஏத்திட்டுதான் ஜாக் வைக்கிறேன், ஃப்ரேம்ல இருக்குற ஓட்டைக்கு ஜாக் பக்னு வட்டமா ஒண்ணு கிடைக்கும், கண்டிப்பா வாங்கி வண்டியிலயே வச்சுக்கோங்க. ஒரு டயர் கடையில லீஃப் ஸ்பிரிங் மேலயே ஜாக்க வைக்க போனாங்க, பக்கத்துல நின்னதால நிறுத்த முடிஞ்சுது. ஃபைபர்ல ஒரு விரிசல் விழுந்தா ஸ்பிரிங் போச்சு, அதனால வேற யார்கிட்ட வண்டிய குடுத்தாலும் கூட நில்லுங்க.

லீஃப் ஸ்பிரிங்க எடுத்துட்டு காயில்ஓவர் (ஷாக்க சுத்தி காயில் ஸ்பிரிங் இருக்குற செட்) மாத்தலாமான்னும் சில பேர் கேக்குறாங்க. முழுநேர டிராக் வண்டின்னா சரி, கார்னர் வெயிட் (ஒவ்வொரு வீல் மேலயும் விழுற எடை) துல்லியமா செட் பண்ணலாம். ஆனா அந்த குறுக்கு ஸ்பிரிங் ஆன்டி-ரோல் பார் (கார்னர்ல வண்டி சாயறத தடுக்குற கம்பி) வேலையிலயும் ஒரு பங்கு செய்யுது, அத எடுத்தா தடிமனான பார் போடணும், செலவு அப்படியே நீளும். ரோட்டுல ஓட்டுற வண்டிக்கு தேவையில்லன்னுதான் என் கருத்து. அந்த காசுல நான் நல்ல ஷாக் போட்டேன், பழைய ஷாக் தேய்ஞ்சு போயிருந்துச்சு, போல்ட்ல இறக்குனத விட அதுலதான் வித்தியாசம் அதிகமா தெரிஞ்சுது.

இத்தன வருஷத்துல ஸ்பிரிங்ல விரிசல் இல்ல, ஹைட்டும் போட்ட இடத்துலயே நிக்குது. முன் போல்ட் அடியில இருக்குற ரப்பர் பேடு மட்டும் வெடிக்க ஆரம்பிச்சிருக்கு, ஒரு பக்கம் மெதுவா போகும்போது கிறீச் சத்தம் வருது. வர்ற சீசனுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் மாத்தணும், மாத்துனா ஹைட்டு லேசா மாறும்ங்கறதால அப்போவே அலைன்மென்ட்டும் மறுபடி பாத்துருவேன்.