கிளிநொச்சி சனிக்கிழமை விண்வெளி வகுப்பு: ஓடு உடைந்த விண்ணோடம் திரும்பி வருமா?

கிளிநொச்சியில் ஏ9 வீதிக்குக் கிட்ட ஒரு ரியூசன் கொட்டகையில் சனிக்கிழமை பின்னேரங்களில் நடக்கிற விண்வெளி வகுப்பைப் பற்றிக் கன பேர் கேட்டபடியால் எழுதுகிறேன். சோதனைக்கு வராத பாடத்துக்குப் பிள்ளையை ஏன் அனுப்ப வேண்டும் என்று யோசிக்கிற பெற்றோருக்கு என் பதில் இதுதான்: அனுப்புங்கள், முடிந்தால் நீங்களும் கூடப் போய் இருங்கள்.

நான் போன அன்று தலைப்பு, திரும்பத் திரும்பப் பாவிக்கிற விண்கலங்களின் வெப்பக் கவசம் சேதப்பட்டால் என்ன நடக்கும் என்பது. கலம் ஏன் சூடாகிறது என்று சேர் கேட்டதும் உராய்வு என்று முழுக் கொட்டகையும் கத்தியது. விநாடிக்கு ஏழரை கிலோமீற்றருக்கு மேல் வேகத்தில் வருகிற கலத்துக்கு முன்னால் காற்று விலக நேரமில்லாமல் நசுங்குகிறது, பெருஞ்சூடு பெரும்பாலும் அந்த நசுங்கலில்தான் பிறக்கிறது என்று அவர் வெண்கட்டியால் கீறிக் காட்டிய பிறகு ஒருவரும் சத்தம் போடவில்லை.

அடுத்துச் செய்து காட்டியதற்கே கொடுத்த காசு சரி. சூளைக்குள் ஒட்டுகிற வெள்ளைப் பீங்கான் நார்ப் பலகை மூன்று, ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் ஒட்டிய மெழுகு, முன்னால் காஸ் சுவாலை. முதல் பலகை முழுசு, முன்பக்கம் சிவந்து தணலாகியும் மெழுகு அப்படியே இருந்தது. இரண்டாவதின் முகத்தை ஆணியால் கண்டபடி கீறிக் கொத்தியிருந்தார், பார்க்கவே பாவமாக இருந்தது, ஆனாலும் மெழுகு உருகவில்லை. மூன்றாவதில் ஒரேயொரு ஓட்டை, சின்னிவிரல் போகிற அளவு. சுவாலை பட்ட கையோடு பின்னால் மெழுகு மேசையில் வழிந்தது! முன் வாங்கில் இருந்த பிள்ளைகள் எழும்பியே விட்டார்கள்.

அதை வைத்து அவர் இரண்டு பறப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். 1988 டிசம்பரில் அட்லாண்டிஸ் விண்ணோடம் தரையிறங்கியபோது அதன் வெப்பக் கவசத்தில் 700க்கு மேற்பட்ட ஓடுகள் அடிபட்டிருந்தன, ஒன்று முழுதாகவே இல்லை. அது கழன்ற இடத்துக்குப் பின்னால் அன்ரெனா பொருத்திய தடித்த உலோகத் தட்டு இருந்தபடியால் சூடு உடனே துளைத்துப் போகவில்லை, ஐந்து பேரும் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். கொலம்பியா விண்ணோடத்துக்கு 2003 ஜனவரி 16 ஏவுதலில், 82ஆவது விநாடியளவில், வெளியே பொருத்திய எரிபொருள் தாங்கியிலிருந்து கழன்ற நுரைத் துண்டொன்று இடது சிறகின் முன்விளிம்பில் அடித்தது. ஒரு கிலோகூட வராத நுரை. அந்த விளிம்பு ஓடு அல்ல, 1,600 பாகை செல்சியசுக்கு மேல் தாங்குகிற காபன் தகடு, ஆனால் அதில் ஓட்டை விழுந்திருந்தபடியால் திரும்பி வரும்போது கொதிக்கிற வாயு நேரே சிறகுக்குள் போய்விட்டது. உள்ளே இருந்தது அலுமினியம், அது 660 பாகையிலேயே உருகிவிடும். பெப்ரவரி 1ஆம் திகதி கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்துபோனார்கள். எவ்வளவு அடிபட்டது என்பதை விட எங்கே அடிபட்டது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. இதை இவ்வளவு தெளிவாக வேறு எங்கும் நான் கேட்டதில்லை.

குறையும் சொல்ல வேண்டும். 2005இல் டிஸ்கவரி விண்ணோடத்தின் அடியில் ஓடுகளுக்கு இடையில் செருகிய துணி கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததற்காக ஒரு விண்வெளி வீரர் வெளியே போய்க் கையால் இழுத்தெடுத்தார். நீட்டின துண்டு வழுவழுப்பாக ஓடுகிற காற்றைக் குழப்பிவிடும், குழம்பின காற்று பின்னால் உள்ள ஓடுகளைக் கூடுதலாகச் சூடாக்கும். அருமையான விசயம், ஆனால் சேர் இதை இரண்டு வசனத்தில் முடித்துவிட்டார். தண்ணீர்க் குழாயை வைத்தாவது காட்டியிருக்கலாம்.

2024 யூனில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் விண்கலத்தின் செட்டை எரிந்து ஓட்டையானதும், அப்படியிருந்தும் அது நம்முடைய இந்து சமுத்திரத்தில் மெதுவாக இறங்கியதும் வீடியோவில் வந்தன. உடல் துருப்பிடிக்காத உருக்கு, அலுமினியத்தை விட எவ்வளவோ கூடின சூடு தாங்கும் என்று அவர் நிறுத்திச் சொன்னது நல்லது. வீடியோ முழுக்க ஆங்கிலம், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு விளங்கவில்லை, பக்கத்தில் இருந்த பெரியவர்கள்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

கொட்டகைக்குத் தகரக் கூரை, இரண்டே மின்விசிறி, தண்ணீர்ப் போத்தல் கொண்டு போங்கள். சுவாலைக்கு ஆறடியில் கயிறு கட்டியிருந்தார்கள், அது பிடித்திருந்தது. முல்லைத்தீவுப் பக்கம் போகிறவர்கள் பஸ்சுக்காகக் கேள்வி நேரத்தில் எழும்ப வேண்டி வருகிறது, அந்த நேரத்தில்தான் நல்ல கேள்விகள் வந்தன. அரை மணித்தியாலம் முந்தித் தொடங்கினால் அவர்களும் இருந்து கேட்பார்கள்.