அக்ரோபேட் ரீடரில் டிஜிட்டல் கையொப்பம்: ஒரு பழைய கிராணியின் கணக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரிகளுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தாவாக, இருந்தவனுக்கு ஓய்வு பெற்றும் பேனா கையை விட்டுப் போகவில்லை. இப்போது இன்வாய்ஸ் எல்லாம் பிடிஎஃப்பாகத்தான் கோலாலம்பூருக்குப் போகிறது. கையெழுத்துப் போட இலவசமாகக் கிடைக்கும் அடோபி அக்ரோபேட் ரீடரைத்தான் பயன்படுத்துகிறேன்.

ரீடரில் இதற்கு இரண்டு வழி இருக்கிறது. 'ஃபில் அண்ட் சைன்' வெறும் படம் ஒட்டுகிற வேலை. மவுஸால் கிறுக்கினாலும், போனில் பிடித்த கையெழுத்தை ஒட்டினாலும் ஒன்றுதான். வெட்டி வேறு தாளில் ஒட்ட யாராலும் முடியும். கோயில் கமிட்டி மினிட்ஸுக்கு இது போதும். காசு கைமாறும் இடத்தில் நான் இதைத் தொடுவதில்லை.

'யூஸ் எ செர்ட்டிபிகேட்' என்று இன்னொன்று இருக்கிறது. அதில் 'டிஜிட்டலி சைன்' அழுத்தி, தாளில் ஒரு கட்டம் வரைந்து, நம் டிஜிட்டல் ஐடியை (நம் பெயர் கொண்ட சான்றிதழும் அதன் சாவியும்) தேர்ந்து, பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும். ஃபைலில் இருப்பதை எல்லாம் சேர்த்து ரீடர் ஒரு சுருக்க எண்ணைக் கணக்கிடுகிறது. அதை நம்மிடம் மட்டும் இருக்கும் ரகசியச் சாவியால் முத்திரையிட்டு ஃபைலுக்குள்ளேயே வைத்துவிடுகிறது. சோதித்துப் பார்க்க, கையொப்பமிட்ட ஒரு இன்வாய்ஸை வேறு மென்பொருளில் திறந்து 18.42 டன்னை 18.92 ஆக்கினேன். திரும்ப ரீடரில் திறந்ததும் கையொப்பம் செல்லாது, ஆவணம் மாற்றப்பட்டிருக்கிறது என்று மேலேயே காட்டிவிட்டது. எடைச் சீட்டில் ஒரு எண் மாறியதற்காக நாள் கணக்கில் சண்டை பார்த்தவன் நான். இந்த ஒன்றுக்காகவே நாலு நட்சத்திரம் தருவேன்.

லாரி முதலாளிக்கு மட்டும் திருப்தி வரவில்லை. "என்னா கிராணி, சாப் இல்லாம எப்படி லா காசு குடுப்பான்?" என்றார். சாப் என்றால் கம்பெனி ரப்பர் முத்திரை. கட்டத்தின் தோற்றத்தில் படம் சேர்க்க இடம் இருக்கிறது. கம்பெனி சாப்பை ஸ்கேன் செய்து அங்கே வைத்தேன். டிஜிட்டல் முத்திரையின் பலம் அதனால் கூடவுமில்லை, குறையவுமில்லை. மனுஷன் முகம் மலர்ந்தது.

ஐந்தாவது நட்சத்திரம் எங்கே போனது? ரீடரே உருவாக்கித் தரும் ஐடியில் பெயரை யாரும் சரிபார்ப்பதில்லை. நான் நினைத்தால் மந்திரி பெயரிலேயே ஒன்று செய்துகொள்ளலாம். அதனால்தான் வாங்குபவரின் திரையில் பச்சை டிக் வராமல், உண்மைத்தன்மை தெரியவில்லை என்று வருகிறது. அவர் நம் சான்றிதழைத் தன் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்துவிட்டால் அதற்குப் பிறகு சிக்கல் இல்லை. ஆனால் பெரிய ஆபீசில் அதைச் செய்யச் சொல்லிக் கெஞ்சுவது யார்? 1997ஆம் ஆண்டின் டிஜிட்டல் கையொப்பச் சட்டத்தின் முழு பலம் வேண்டுமென்றால், உரிமம் பெற்ற சான்றளிப்பு நிறுவனத்திடம் காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அவர்கள் நம் அடையாளத்தைச் சரிபார்த்துத்தான் கொடுப்பார்கள். டெண்டர் எடுப்பவர்களுக்கு அதுதான் சரி. தெரிந்த இரண்டு மூன்று ஆபீசுக்கு மட்டும் பில் அனுப்பும் எங்களுக்கு இலவசமே ஓடுகிறது.

சாவி ஒரு ஃபைலாகக் கம்ப்யூட்டரில் கிடக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் அதன் பாஸ்வேர்டை முருகன் காலண்டரில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். அந்த ஆபீசில் டீ கொண்டுவரும் பையனும் கையொப்பமிடலாம்! தேதி விஷயமும் உண்டு: கையொப்பமிட்ட நேரத்தை வெளியிலிருந்து உறுதிசெய்யும் தனி நேரமுத்திரை சேவை இணைக்காவிட்டால், கையொப்ப நேரம் நம் கம்ப்யூட்டர் கடிகாரம் சொல்வதுதான். பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் முதலில் கடிகாரத்தைச் சரிபாருங்கள்.

அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலோ, 'பிரிண்ட் டு பிடிஎஃப்' கொடுத்தாலோ முத்திரை போய்விடும், கட்டத்தின் படம்தான் மிஞ்சும்.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெரியவர், "தம்பி, என் உயிலையும் இதுலயே போட்டுக் குடேன்" என்றார். உயில், பவர் ஆஃப் அட்டர்னி, அறக்கட்டளைப் பத்திரம், செக் ஆகியவற்றை 2006ஆம் ஆண்டின் மின்வணிகச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. இரண்டு சாட்சிகளோடு ஈப்போவில் ஒரு வக்கீலைப் போய்ப் பாருங்கள் ஐயா என்று சொல்லி அனுப்பினேன்.