அவுன்ஸ மில்லியாக்க 30-ஆ, 29.57-ஆ, இல்ல தராசா?

அமெரிக்காவுல இருக்கற அக்கா தேங்காயெண்ணெய் சோப்புக்கு ரெசிபி அனுப்பிச்சாளுங்க, பூராவும் அவுன்ஸு. நம்மூட்டுல இருக்கறதோ காங்கயத்துல ஆட்டுன செக்கெண்ணெயும், மில்லி கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஜக்கும்தான். மூணு வழியிலயும் பண்ணிப் பாத்தாச்சு.

வாய்க்கணக்குன்னா 30. அவுன்ஸு 30 மில்லி, டேபிள்ஸ்பூன் 15, டீஸ்பூன் 5, கப்பு 240, மாவுக்கையோட போனத் தொடவே வேண்டாமுங்க. நெசத்துல அவுன்ஸு 29.57தான், ஆனா ஒரு கப்புக்கு மூணரை மில்லிதான் கூடும், கேக்கு அதுக்கெல்லாம் கோவிச்சுக்காது. கேலனுக்குப் போனாத்தான் வம்பு, 128 அவுன்ஸு, 3785 மில்லி வரவேண்டியது 3840 ஆயிரும்.

போன்ல 29.57 போட்டா அரைக் கப்பு 118.28 மில்லின்னு காட்டுது, நம்ம ஜக்குல 50-க்கு ஒரு கோடு, அந்த புள்ளி இருபத்தெட்ட எங்க போய்த் தேடறது? இதுல பிரிட்டிஷ் அவுன்ஸு வேற, 28.41. பைண்டுங்கற அளவுன்னா இன்னும் மோசம், அவங்குளுது 568 மில்லி, அமெரிக்காவுது 473. ஆஸ்திரேலியாக்காரங்க டேபிள்ஸ்பூனு 20 மில்லியாமா!

தராசுதான் கடைசில காப்பாத்துச்சு. 16 அவுன்ஸு எண்ணெய்னு போட்டிருந்துச்சு, நானு 473 மில்லி ஊத்திட்டேன். சோப்பு கை பட்டா வறவறன்னு இழுக்குது. அக்காளக் கேட்டா, "அட அம்மிணி, சோப்புல அவுன்ஸுன்னா எடை, 28.35 கிராமு"ங்கறா. அப்ப வேண்டியது 454 கிராமுங்க, எண்ணெய் தண்ணிய விட லேசு, நானு ஊத்துனது 435 கிராம்தான் இருக்கும். எண்ணெய சோப்பாக்கற காஸ்டிக் சோடாவ, கை வறளாம இருக்க 454-க்கு 5 சதவீதம் எண்ணெய் சோப்பாகாம மிச்சம் நிக்கற மாதிரிக் கணக்குப் போட்டிருந்தேன், அந்த மிச்சமே 23 கிராம்தான், அதுல 19 போயிருச்சு. மார்கழில எண்ணெய் உறைஞ்சு கெடக்கறப்ப ஜக்குல அளக்கவும் முடியாதுங்க, தராசுல கட்டியாவே வெச்சுக்கலாம்.

அதனால சமையலுக்கு 30, சோப்புக்குத் தராசு, போன் கணக்கு லிட்டர் கணக்குல வாங்கறப்ப மட்டும். கொழந்த மருந்துக்கு மூணும் வேண்டாமுங்க, பாட்டில் கூட வர்ற மூடியிலயோ சிரிஞ்சுலயோ மில்லி பாத்துக் குடுங்க, ஊட்டு ஸ்பூனு ஒண்ணொண்ணும் ஒரு அளவு.